ஐசியூல செப்சிஸ் (கிருமித் தொற்று முத்தி உடம்பு உறுப்புகளயே பாதிக்கறது) கேஸ் பாத்தவங்க, கூட இருந்தவங்க அனுபவத்த சொல்லுங்க

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி ஐசியூல ஸ்டாஃப் நர்ஸ். மழ முடிஞ்சு பனி தொடங்கற சமயம் குலசேகரம் பக்கத்துலருந்து ஒரு அண்ணன கொண்டு வந்தாங்க, ரப்பர் பால் வெட்டற ஆளு, ஒரு வாரமா காச்சல், மெடிக்கல்ல மாத்திர வாங்கி போட்டுட்டு வேலைக்கும் போயிருக்காரு. வரும்போதே பிரஷர் 80/40, மூச்சு வாங்குது, கேட்டா சம்பந்தமில்லாம பேசறாரு. செப்டிக் ஷாக்னா, அதாவது செப்சிஸ்ல பிரஷர் ரொம்ப எறங்கிட்டா, முதல் ஒரு மணி நேரத்துல ஆன்டிபயாடிக் உள்ள போயிரணும், அதுக்கு முந்தி பிளட் கல்ச்சர் (ரத்தத்துல என்ன கிருமின்னு வளத்து பாக்கற டெஸ்ட்) எடுக்கணும், ஆனா கல்ச்சருக்காக 45 நிமிஷத்துக்கு மேல மருந்த தள்ளிப்போடக் கூடாது, இதெல்லாம் 2021 சர்வைவிங் செப்சிஸ் கைட்லைன்ல இருக்கு, அதுபடியே செஞ்சோம். கிலோவுக்கு 30 மில்லி கணக்குல 60 கிலோ ஆளுக்கு 1800 மில்லி ஆர்எல் டிரிப்ஸ், ரத்தத்துல லாக்டேட் அளவும் பாத்தோம், மெரோபெனம்ங்கற ஆன்டிபயாடிக்கும் போயாச்சு, பிரஷர் ஏத்தற நார்அட்ரினலின் ஓட்டி மேப் (சராசரி பிரஷர்) 65 வந்துச்சு.

ஆனா எங்க டியூட்டி டாக்டர் அதோட விடல. துணி எல்லாம் மாத்தி அக்குள், தொடை இடுக்கு, முதுகு எல்லாம் பாருங்க சிஸ்டர்னாரு. அரைஞாண் கயித்துக்கு அடியில இருந்துச்சு, சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு, சுத்தி செவப்பு. அவரு வீட்டம்மாட்ட கேட்டா "அது வலிக்கலன்னு சொன்னாரு சிஸ்டரே, அதான் காட்டல"ன்னாங்க. ஸ்க்ரப் டைபஸ், புல்லு புதர்ல இருக்கற சின்ன பூச்சி கடிச்சு வர்ற காச்சல், அந்த பொருக்கு பூச்சி கடிச்ச எடம். மெரோபெனம் எவ்வளவு பெரிய மருந்தா இருந்தாலும் இந்த கிருமிக்கு வேலை செய்யாது, டாக்சிசைக்ளின் வேணும், 2023ல வந்த நம்ம நாட்டு ஆய்வுல டாக்சியும் அசித்ரோமைசினும் சேத்து ஊசியா போட்டா இன்னும் நல்லதுன்னு வந்துச்சு, ரெண்டையும் தொடங்கினாரு. கைட்லைனும் இன்ஃபெக்‌ஷன் எங்கருந்து வருதுன்னு தேட தானே சொல்லுது, நம்ம மாவட்டத்துல தோட்டம், புல்லுன்னு நிக்கற ஆளுங்களுக்கு இந்த தேடல் கட்டாயம் வேணும். ரெண்டு நாள்ல காச்சல் எறங்கிச்சு, நார்அட்ரினலினயும் நிறுத்தியாச்சு.

---

நான் மார்த்தாண்டம். எங்க அம்மைக்கு சுகர் உண்டு, காச்சலே இல்ல, திடீர்னு ஆளு தெரியாம பேசினாவ, யூரின் இன்ஃபெக்‌ஷன்லருந்து செப்சிஸ்னு சொன்னாங்க. கழுத்துல பெரிய ரத்தக்குழாய்ல லைன் (மருந்து குடுக்கற டியூப்) போடறதுக்கு முந்தியே முழங்கை மடிப்புல உள்ள ஊசி வழியா பிரஷர் மருந்த தொடங்கினாங்க, எனக்கு பயமா போச்சு, டாக்டர்ட்ட கேட்டேன், லைனுக்காக காத்திருந்தா கிட்னிக்கு ரத்தம் போகாது, கொஞ்ச நேரத்துக்கு இப்படி குடுக்கலாம்னு நின்னு பொறுமையா சொன்னாரு. இப்ப வீட்டுல இருக்காவ, ஆனா பாத்ரூம் வர நடக்கவே முடியல, இது எப்ப சரியாகும் அக்கா?

---

தம்பி, ஐசியூல கிடந்தவங்களுக்கு சத கரைஞ்சிரும், மாசக்கணக்கு ஆகும். மீன், முட்ட குடுங்க, கிட்னி பாதிச்சிருந்தா மட்டும் அளவ டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க. தெனமும் ரெண்டு நேரம் புடிச்சு நடத்துங்க. திரும்ப பேச்சு கொழறினா, யூரின் கொறஞ்சா அன்னைக்கே கொண்டு வந்துருங்க, காலைல பாப்போம்னு வைக்காதீங்க.