குளிர் முகப்பு கடந்த பிறகு நாற்றை எப்போது வெளியே வைக்கலாம்?

நாற்றுப்பெட்டி (ஞாயிறு மாலை)

வணக்கம். ஏழு நாள் வானிலை அறிக்கையைப் பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்று பகலில் 22 டிகிரி. செவ்வாய் மாலை குளிர் முகப்பு ஒன்று (வெப்பக்காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன் விளிம்பு) மழையோடும் பலத்த காற்றோடும் கடக்கும் என்கிறார்கள். புதன் பகலில் 10 டிகிரியைத் தாண்டாது. இரவில் குறைந்தபட்சமாக செவ்வாய் 5, புதன் 3, வியாழன் 5. அப்புறம் வெப்பம் படிப்படியாக உயர்ந்து ஞாயிறன்று 20 வரை போகுமாம்.

ஜன்னலோரம் ஆறு வாரமாக வளர்த்த நாற்பது தக்காளி நாற்றுகள் தயாராக இருக்கின்றன. போன வசந்தத்திலும் இதே கதைதான். மழை விட்டு வெயில் வந்ததும் நட்டேன். மறுநாள் காலையில் இலைகள் வெந்த கீரை போலக் கறுத்துத் தொங்கின. அன்றும் அறிக்கையில் 3 டிகிரி என்றுதான் இருந்தது, பூஜ்யம் இல்லை. பிறகு எப்படி உறைந்தது? ஆப்பிள் மரம் வேறு இப்போது முழுப் பூவில் நிற்கிறது. அறிக்கையில் நான் எதைப் பார்த்திருக்க வேண்டும்?

மழைமானி

நாற்பது நாற்றையும் ஒரே காலையில் இழப்பது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும். இருபத்தேழு வருடமாகத் தினமும் காலையில் வெப்பம், காற்றழுத்தம், மழை மூன்றையும் நோட்டில் எழுதி வருகிறேன். முதல் சில வசந்தங்களில் நானும் உங்களைப் போலவே தவறான இரவுக்குத்தான் பயந்தேன்.

முகப்பு கடக்கிற இரவு பார்க்கத்தான் பயங்கரம். கனமான குளிர்காற்று ஆப்பு போல வெப்பக்காற்றின் அடியில் நுழைந்து அதை மேலே தூக்கும். அதனால்தான் மழை, இடி, திடீர்க் காற்று எல்லாம். ஆனால் அன்று இரவு மேகமும் காற்றும் இருப்பதால் செடிக்கு ஒன்றும் ஆகாது. மேகம் நிலத்தின் சூட்டைத் திருப்பி அனுப்பும், காற்று மேலே இருக்கும் காற்றையும் கீழே இருப்பதையும் கலக்கிக்கொண்டே இருக்கும்.

ஆபத்து புதன் இரவில். அதற்குள் முகப்புக்குப் பின்னால் வரும் உயரழுத்தம், அதாவது காற்றழுத்தம் கூடிய பகுதி, தலைக்கு மேல் வந்து நின்றுவிடும். காற்று அடங்கும், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். நிலத்தின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து அங்கேயே தேங்கும்.

இனி உங்கள் 3 டிகிரிக்கு வருகிறேன். அந்த அளவு தரையில் எடுத்தது இல்லை. வெயில் படாமல் காற்று மட்டும் புகும் நிழல் கூண்டுக்குள், தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் எடுப்பது. காற்றில்லாத தெளிந்த இரவில் புல் மட்டத்தில் அதைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். உங்கள் நாற்று நிற்பது ஒரு சாண் உயரத்தில். போன வருடம் அது நின்ற இடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள், பலர் கவனிக்காதது: பனிப்புள்ளி. காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் பனித்துளி படியத் தொடங்கும். நீராவி நீராகும்போது சூட்டை விடுவதால் அதற்குமேல் குளிர்வது மெதுவாகும். இரவுக்கு அது ஒரு பிரேக் மாதிரி. முகப்புக்குப் பின்னால் வருவது வறண்ட காற்று. பனிப்புள்ளி 3 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். கழித்தல் 4 என்றால், பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போகும்வரை பிடிக்க எதுவும் இல்லை.

ஆப்பிள் பூவுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். முழுப் பூவில் கழித்தல் 2.2 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தால் பத்தில் ஒரு பங்கு போகும், கழித்தல் 3.9 என்றால் பத்தில் ஒன்பது போகும். ஆனால் பூக்கள் உயரத்தில் இருக்கின்றன. தரையில் குளிர் தேங்கும் இரவில் கிளை மட்டத்தில் வெப்பம் கூடுதலாகத்தான் இருக்கும். தாழ்ந்த கிளைகளை மட்டும் கவனியுங்கள்.

வரைபடம்

மழைமானி ஐயா சொன்னதோடு ஒன்று. முகப்பு கடந்ததை நீங்களே கண்டுபிடிக்கலாம். பூமியின் வடபாதியில் காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குச் சட்டென்று திரும்பும், இறங்கிக்கொண்டிருந்த காற்றழுத்தம் அதே நேரத்தில் ஏறத் தொடங்கும். அறிக்கையில் சொன்ன நேரத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பின் ஆனால் குளிர் இரவும் அந்த அளவு நகரும். முகப்பு என்ற பெயரே போர்முனையிலிருந்து வந்தது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல், நார்வேயின் பெர்கன் நகரில் ஜேக்கப் பியர்க்னஸும் அவர் தந்தை வில்ஹெல்மின் குழுவும் இதை வகுத்தார்கள். இன்றும் வரைபடத்தில் முக்கோணப் பல் வைத்த நீலக் கோடு குளிர் முகப்புதான்.

நாற்றுப்பெட்டி

இருவருக்கும் நன்றி. இப்போது பார்த்தேன், புதன் இரவுக்குப் பனிப்புள்ளி கழித்தல் 3! பத்து நாற்றுகளை ஏற்கெனவே நட்டுவிட்டேன். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் போதுமா?

மழைமானி

பிளாஸ்டிக் வேண்டாம். மெல்லிய பாலித்தீன் நிலத்தின் சூட்டை வெளியே விட்டுவிடும், அது தொடுகிற இலை முதலில் கருகும். பழைய போர்வை, படுக்கை விரிப்பு நல்லது. செடிக்குத் தலைப்பாகை கட்டுவது போலத் தண்டில் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். சூடு மண்ணிலிருந்து வருகிறது, அதனால் துணி நாலா பக்கமும் தரையைத் தொட வேண்டும். ஓரங்களில் கல் வையுங்கள். செவ்வாய் மழை சரியாகப் பெய்யாவிட்டால் புதன் பகலிலேயே மண்ணை நனைத்துவிடுங்கள். ஈரமண் காய்ந்த மண்ணைவிடச் சூட்டை அதிகமாகச் சேர்த்து வைக்கும். வெயில் ஏறுவதற்குள் மூடிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள், மாலை சூரியன் சாய்வதற்கு முன் மூடினால் போதும். காலையில் எடுக்க மறக்கக் கூடாது.

நாற்றுப்பெட்டி (வியாழன் காலை)

விடிவதற்கு முன்பே டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். இலை அசையவில்லை. நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்ட வெப்பமானியில் 3, அறிக்கையில் இருந்த அதே எண். புல்லில் வைத்ததில் கழித்தல் 2! வெளியே இருந்த தட்டில் தண்ணீர் உறைந்து, ஊசி ஊசியாக ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடியிருந்தது. போர்வையின் மேல்பக்கம் வெள்ளையாக விறைத்திருந்தது, அடியில் கை வைத்தால் மண் வாசனையோடு ஈரமான கதகதப்பு. எட்டு நாற்றுகள் பிழைத்தன. ஓரத்தில் கல் நகர்ந்து துணி தூக்கிக்கொண்ட இடத்தில் இரண்டு போய்விட்டன. மீதி முப்பதையும் ஞாயிறன்று நடலாமா?

மழைமானி

எட்டு தப்பியது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. அந்த இரண்டு வெப்ப அளவையும் தேதியோடு எழுதி வையுங்கள். உங்கள் தோட்டத்தில் அறிக்கைக்கும் தரைக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்று தெரிந்துவிட்டது, அடுத்த முறை அதைக் கழித்துப் படியுங்கள்.

ஞாயிறன்று 20 என்பது பகல் வெப்பம். உயரழுத்தம் கிழக்கே நகர்ந்து தெற்கிலிருந்து காற்று திரும்பினால்தான் இரவும் ஏறும். தக்காளி உறையாவிட்டாலும் 10 டிகிரிக்குக் கீழே சுருண்டு நின்றுவிடும். இரவுக் குறைந்தபட்சம் தொடர்ந்து நாலைந்து நாள் 10-ஐத் தாண்டட்டும். அதுவரை பகலில் வெளியே வைத்து, மாலையில் உள்ளே எடுத்து வையுங்கள்.