கல்லூரி வீரர்களுக்குப் பணம்: டைட்டில் நைன் இதற்குப் பொருந்துமா?

மேலைக்காற்று:
அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரத் தொடங்கிவிட்டன. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மீது நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் தொடுத்த வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். அதன்படி முதல் ஆண்டில் ஒரு கல்லூரி சுமார் 2.05 கோடி டாலர் வரை பங்கு தரலாம். பெரிய கல்லூரிகளில் இதில் பெரும்பகுதி அமெரிக்க ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையம் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்பது 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம். இந்தப் பணத்துக்கு மட்டும் அது ஏன் இல்லை?

டல்லாஸ் ரவி:
ஏனென்றால் இது உதவித்தொகை இல்லை, வருமானத்தில் பங்கு. டிவி கம்பெனிகள் பணம் கொட்டுவது ஃபுட்பாலுக்குத்தான். அந்தப் பையன்களில் பலர் வசதியில்லாத கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள். மண்டையும் முட்டியும் அடிவாங்கி அவர்கள் ஈட்டிய பணத்தில் பயிற்சியாளர்கள் கோடி கோடியாகச் சம்பளம் வாங்கினார்கள். இப்போதுதான் உழைத்தவன் கைக்கு ஏதோ வருகிறது. உடனே அதையும் பிரித்துக் கொடு என்றால் எப்படி?

மேலைக்காற்று:
அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? 'வருமானம் தரும் ஆட்டத்துக்கு விலக்கு' என்பது 1974-லேயே செனட்டர் ஜான் டவர் கொண்டுவந்த திருத்தம். செனட் ஏற்றது, இரு அவைக் கூட்டுக்குழு தூக்கிப்போட்டது. பதிலுக்கு வந்த ஜாவிட்ஸ் திருத்தம், ஆட்டத்தின் தன்மைக்கு ஏற்ற நியாயமான விதிகள் என்பதோடு நின்றது. ஃபுட்பாலுக்குக் கவசச் செலவு அதிகம் என்றால் சரி. டிக்கெட் அதிகம் விற்கிறது என்பதற்காகச் சட்டத்திலிருந்தே விலக்கு கிடையாது.

டல்லாஸ் ரவி:
அப்போது யாருக்கும் சம்பளம் இல்லையே சார். வீரர்களுக்கான கல்விச் சலுகைகளுக்கு வரம்பு வைத்ததை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோதே காலம் மாறிவிட்டது. இனி சந்தை விலைதான். இந்தப் பணத்துக்கும் டைட்டில் நைன் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் பைடன் அரசின் கல்வித்துறை சொன்னதை, பிப்ரவரியில் டிரம்ப் அரசு திரும்பப் பெற்றுவிட்டது.

செல்வி நியூஜெர்சி:
ரவி அண்ணா, சந்தை விலை என்கிறீர்களே, அதை வைத்தது யார்? 2021 என்சிஏஏ கூடைப்பந்துப் போட்டியில் ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம், பெண்களுக்கு ஒரே ஒரு அடுக்கு டம்பெல். அதில் ஆட வந்த வீராங்கனை செடோனா பிரின்ஸ் வீடியோ போட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் போட்டியின் புகழ்பெற்ற 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரைக்கூடப் பெண்களுக்கு அதுவரை தரவில்லை. 2024-இல் பெண்கள் இறுதி ஆட்டத்தை 1.8 கோடிக்கு மேல் பார்த்தார்கள், ஆண்கள் ஆட்டம் 1.5 கோடியைத் தொடவில்லை. கடையையே திறக்க விடாமல் வைத்துவிட்டு, வியாபாரம் இல்லை என்பது நியாயமா?

டல்லாஸ் ரவி:
அது நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் ஆடிய வருஷம், செல்வி. பெண்கள் கூடைப்பந்து வளர்ந்தால் அதற்கும் பங்கு ஏறட்டும், எனக்குச் சந்தோஷம்தான். என் பயம் வேறு. சரிபாதி கொடு என்று நீதிமன்றம் சொன்னால் ஃபுட்பால் தனி நிறுவனமாகப் பிரிந்து போகும். பெண்கள் துடுப்புப்படகு அணிகள் இத்தனை இருப்பதே ஃபுட்பால் ஆண்களின் தலைக்கணக்குக்கு ஈடாகப் பெண்களின் எண்ணிக்கையைக் காட்டத்தான். ஃபுட்பால் போனால் அவற்றுக்கு யார் செலவு செய்வார்கள்? நீச்சலும் டென்னிஸும் இப்போதே தடுமாறுகின்றன.

செல்வி நியூஜெர்சி:
என் மகளும் துடுப்புதான் போடுகிறாள், அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் பிரிந்து போவேன் என்ற மிரட்டலுக்காக அவள் உரிமையைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

மேலைக்காற்று:
பிரிந்துதான் பார்க்கட்டுமே. கல்லூரியின் பெயர், மைதானம், வரிவிலக்கு எல்லாம் வேண்டும், கல்லூரியைக் கட்டுப்படுத்தும் சட்டம் மட்டும் வேண்டாமா? அதே சமரசத்தில் முந்தைய ஆண்டுகளின் வீரர்களுக்குப் பழைய பாக்கியாகத் தரும் சுமார் 280 கோடி டாலரிலும் பெரும்பங்கு அந்த இரண்டு ஆட்டங்களுக்கே. அதை எதிர்த்து எட்டுப் பெண்கள் மேல்முறையீடு செய்தது இதே டைட்டில் நைனை வைத்துத்தான்.

டல்லாஸ் ரவி:
செய்யட்டும், அது அவர்கள் உரிமை. உதவித்தொகையில் ஒரு பைசா குறைந்தாலும் நானும் உங்களோடு நிற்பேன். வருமானப் பங்கு மட்டும் ஆடிச் சம்பாதித்தவனுக்கே.