மறுமொழி: 'இந்தோமேனியா'வுக்குத் தமிழில் என்ன?

> 'இந்திய மோகம்' என்று போட்டால் போதாதோ தம்பி?

போதாது அண்ணை. மோகம் என்றதும் இங்கே பிள்ளைகளுக்கு வெளிநாட்டு மோகம்தான் நினைவுக்கு வரும். நான் தேடுவது வெளிநாட்டானுக்கு எங்கள் நூல்கள் மேல் வந்த வெறிக்கு, அதாவது இந்தோமேனியாவுக்கு, ஒரு சொல்லை.

உயர்தர இந்து நாகரிக வகுப்புக்குக் குறிப்பு எழுதும்போதுதான் இதில் இடறினேன். போன கிழமை முள்ளியவளையில் பாடம். 1657 இல் மொகலாய இளவரசர் தாரா ஷிக்கோ உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்ப்பித்தது, பிரெஞ்சு அறிஞர் அங்கெத்தில் துப்பெரோன் அதை 1801-02 இல் இலத்தீனில் வெளியிட்டது, அதைப் படித்த ஜெர்மன் மெய்யியலாளர் சோப்பனாவர் 'வாழ்விலும் ஆறுதல், சாவிலும் இதுவே ஆறுதல்' என்று உருகியது எல்லாம் சொல்லி முடித்தேன். கடைசி வாங்கில் இருந்து ஒருத்தன்: "அப்ப சேர், அவருக்கு விசர் (பைத்தியம்) பிடிச்சிட்டுதோ?"

சிரித்தாலும், 'மேனியா'வுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் கடல் கடந்தால் விசர் விளங்காது. 'பித்து' போடலாம் என்றால், சுந்தரர் சிவனையே பித்தா என்று கூப்பிட்ட பிறகு அதில் குறை தொனிக்காது. கொஞ்சம் தொனிக்கத்தான் வேண்டும். 'கீழைத்தேய நூல்கள்' என்ற 50 தொகுதி வரிசையின் பதிப்பாசிரியர் மாக்ஸ் முல்லர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. அந்த 50 இலும் தமிழ் நூல் ஒன்றுகூட இல்லை. போப்பையர் (ஜி. யு. போப்) திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900 இல் தனியாகத்தான் ஒக்ஸ்போர்ட்டில் வெளியிட்டார். எங்கள் பக்கத் திருவிழாப் பேச்சுகளில் மட்டும் "மாக்ஸ் முல்லரே சொன்னார்" என்று ஒலிபெருக்கி அதிரும். தேவாரம் படித்துவிட்டு வந்த அதே வாயால்!

அதனால் என் தெரிவு 'இந்திய மையல்'. ஆளை நேரே பாராமலே வருகிற காதலும் கண்ணை மறைக்கிற மயக்கமும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. மையல் கொண்டவர் 'மையலர்'.

இன்னொன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் தோமஸ் டிரவுட்மன் 1997 இல் எழுதிய நூலில் இதற்கு எதிர்ச்சோடியாக 'இந்தோபோபியா' வருகிறது. 'போபியா' என்றால் அச்சம் என்று பார்த்து 'அச்சம்' போட்டால் பிழை. 1817 இல் இந்திய வரலாறு எழுதி இந்துக்களை மட்டம்தட்டிய ஜேம்ஸ் மில் பயந்தா எழுதினார்? அவரும் இந்தியாவைப் பார்க்காதவர்தான். 'இந்திய இகழ்ச்சி' சரியாக வரும்.

---

தம்பி, மையலும் இகழ்ச்சியும் சோடியாக நிற்கின்றன, எனக்குச் சம்மதம். சார்ல்ஸ் வில்கின்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்த கீதைக்கு (1785) அப்போதைய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் எழுதிய பரிந்துரைக் கடிதத்தையும் மையலில் சேர்ப்பீரோ? அவருக்கு அது ஆட்சி நடத்தவும் உதவியது. அதை யோசியும்.

ஆனால் 'மையலர்' வேண்டாம். உம்முடைய மடலை இங்கே புளியங்குளத்தில் சத்தமாக வாசித்தேன். குசினிக்குள் இருந்து மனுசி, "எந்தச் சமையலர்?" என்றாள். 'மையலுற்றோர்' என்று மாற்றிவிடும்.