வாட்ச் செயினை வீட்டிலேயே கழற்றுவது: ஸ்பிரிங் பார் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறது

கேள்வி:
ஸ்டீல் செயினை எடுத்துட்டு லெதர் ஸ்ட்ராப் மாட்டணும். லக்கின் (செயின் மாட்டுற, வாட்ச் கேஸின் கொம்பு மாதிரியான நீட்சி) வெளிப்பக்கம் துளை இல்லை, பின்பக்கமாத்தான் ஸ்பிரிங் பாரை (செயினை லக்கில் பிடிச்சு வைக்கிற, உள்ளே ஸ்பிரிங் உள்ள சின்னக் கம்பி) அழுத்த முடியும். ஒரு முனையை அழுத்திட்டு மறுமுனைக்குப் போறதுக்குள்ள முதல் முனை பழையபடி துளையில் உட்கார்ந்துடுது. கீறல் விழாம எடுக்க வழி உண்டா?

பதில் 1:
அழுத்தினா மட்டும் போதாதுங்க. அழுத்திப் பிடிச்சபடியே எண்ட் லிங்கையும் (கேஸை ஒட்டி இருக்கிற செயினின் கடைசித் துண்டு) நகர்த்தணும். கிளாஸ்ப்பை (செயினின் பூட்டு) திறந்து, கண்ணாடி கீழே வர்ற மாதிரி மெத்தென்ற துணியில் வைங்க. ஸ்பிரிங் பார் டூலின் கவட்டை முனையை லக்குக்கும் எண்ட் லிங்குக்கும் நடுவில் விட்டா, பாரின் நுனியை அடுத்து இருக்கிற சின்ன விளிம்பு சிக்கும். அதை எதிர் லக்கைப் பார்க்கத் தள்ளுங்க. நுனி துளையை விட்டு வந்ததும் டூலை எடுக்காம, அந்தப் பக்க எண்ட் லிங்கைக் கேஸை விட்டு வெளியே தள்ளுங்க. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், நுனி லக்கின் சுவரில் முட்டி நின்னுடும். அப்புறம் மறுபக்கம். ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள்ள கையை விட்டு இதைச் செஞ்சா, பார் தெறிச்சாலும் தொலையாது.

எண்ட் லிங்க் மடிச்ச தகடா இல்லாம முழு உலோகமா இருந்தா அசைய இடமே இருக்காது. அதுக்கு ரெண்டு நுனியையும் ஒரே நேரத்தில் அழுத்துற ட்வீசர் வகை டூல்தான் சரி.

பதில் 2:
லக்கின் உள்விளிம்பிலும் அடிப்பக்கத்திலும் ஒரு அடுக்கு டேப் ஒட்டிக்கோங்க. ரெண்டு அடுக்கு வேண்டாம், இடுக்கில் டூல் நுழையாது. கத்தி, குண்டூசி எதுவும் தொடாதீங்க. வழுக்கினா கோடு நேரா லக்கில்தான்.

கேள்வி கேட்டவர்:
ஒரு பக்கம் வந்துடுச்சு, நன்றி. மறுபக்கம் பார் அசையவே இல்லை, ஓரத்தில் பழுப்பா ஏதோ படிஞ்சிருக்கு.

பதில் 1:
வியர்வை உப்பும் அழுக்கும் இறுகி, பாருக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் சிக்கியிருக்கும். முதல்ல பல்குச்சியால சுரண்டி எடுங்க. பிறகு துரு இளக்கும் எண்ணெயைப் பல்குச்சி நுனியில் தொட்டு அந்த இடுக்கில் மட்டும் வைங்க, சில மணி நேரம் விடுங்க. ஸ்ப்ரேயா அடிக்கக் கூடாது. பின்மூடியின் கேஸ்கெட்டுக்கு (தண்ணீர் புகாம தடுக்கிற ரப்பர் வளையம்) எண்ணெய் ஆகாது. அதுக்கும் அசையலைன்னா பாரை வெட்டித்தான் எடுக்கணும், அதை ரிப்பேர் செய்றவர்கிட்ட விடுங்க.

பதில் 3:
அந்தப் பாரை மறுபடி போடாதீங்க, வாட்ச் கீழே விழ அதுவே காரணமாயிடும். புதுசு வாங்க, லக்குகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை வெர்னியரால அளங்க. கனமும் முக்கியம்: சாதாரண வாட்சுக்கு 1.5 அல்லது 1.8 மி.மீ. சீக்கோவின் பல டைவர் வாட்ச்களில் 2.5 மி.மீ. தடிமன் பார் வரும், அது நிறைய லெதர் ஸ்ட்ராப்புகளின் ஓட்டையில் நுழையாது. மெல்லிய பார் வாங்கினா நுனியின் கனத்தையும் ஒப்பிடுங்க. நுனி சிறுத்து, லக் துளை பெருசா இருந்தா ஆடும்.

மாட்டும்போது ஒரு நுனியைத் துளையில் வெச்சுட்டு மறுநுனியை அழுத்தி உள்ளே விடுங்க. 'டிக்' சத்தத்தை மட்டும் நம்பாதீங்க. ஸ்ட்ராப்பைப் பக்கவாட்டில் அசைச்சு, ரெண்டு ஓரத்தையும் தனித்தனியா இழுத்துப் பாருங்க. கழற்றின எண்ட் லிங்க்குகள்ல எது 12 மணிப் பக்கம், எது 6 மணிப் பக்கம்னு குறிச்சு வைங்க.