கலைச்சொல்: ‘குளோஸ் ரேஷியோ’வுக்குக் ‘குறும்படி’

அன்புடையீர், வணக்கம்.

அடுத்தடுத்த கியர்களின் விகிதங்கள் ஒன்றுக்கொன்று அருகருகே அமைந்த கியர்பெட்டியை ஆங்கிலத்தில் ‘குளோஸ் ரேஷியோ கியர்’ என்பர். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் பினாங்கு ஆசிரியர் ஐயா ‘நெருங்கு விகிதம்’ என்றும், பெட்டாலிங் ஜெயா நண்பர் ‘அணுக்க விகிதப் பற்சக்கரத் தொகுதி’ என்றும் முன்மொழிந்திருக்கிறீர்கள். இரண்டும் இலக்கணப் பிழையற்றவை. ஆயினும் ஆங்கிலச் சொல்லில் உள்ள குறையை இரண்டும் அப்படியே சுமந்து வருகின்றன என்பது என் கருத்து. பழைய மினி கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்காகக் கியர் தேர்வு குறித்து நான் எழுதிவரும் கையேட்டுக்கு இச்சொல் இன்றியமையாதது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சொல்லைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் சித்தி மகன் தன் மினியின் 1275 சிசி எஞ்சினை, வேகமான கேம் ஷாஃப்ட்டும் (எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) பெரிய கார்புரேட்டரும் பூட்டி முடுக்கேற்றினான். பிறகு கியர்கள் ‘கிட்டக் கிட்ட’ இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், கடைக்காரரிடம் தொலைபேசியில் ‘ஷார்ட் கியர்’ வேண்டும் என்று கேட்டுவிட்டான். அவர் அச்சொல்லைத் தம் வழக்கப்படி புரிந்துகொண்டு, 4.13 விகிதம் கொண்ட ‘ஃபைனல் டிரைவ்’ ஒன்றை, அதாவது பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் இடையே உள்ள கடைசிப் பற்சக்கர இணையை, அனுப்பிவைத்தார். அது எல்லாக் கியர்களின் பெருக்கத்தையும் ஒருசேரக் கூட்டுமே தவிர, கியர்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறைக்காது. மினியில் கியர்பெட்டி எஞ்சினுக்கு அடியிலேயே, அதே எண்ணெயில் தோய்ந்தபடி அமர்ந்திருக்கிறது. 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த நாள் முதல் 2000-இல் உற்பத்தி நின்ற நாள் வரை இந்த அமைப்பு மாறவில்லை. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் கியர்களை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையும் சேர்த்தே வெளியே தூக்க வேண்டும். ஒரு சொல் பிசகியதால் தம்பி அந்த வேலையை இரண்டு முறை செய்ய நேர்ந்தது.

இனி, ‘நெருக்கம்’ என்று நாம் சொல்வது எதன் நெருக்கம் என்பதைப் பார்ப்போம். நான்கு கியருக்கும் சிங்க்ரோ (கியர் மாற்றும்போது பற்கள் உரசாதபடி சுழற்சி வேகங்களை ஒன்றாக்கும் அமைப்பு) வந்த பிறகான 998 சிசி மினியின் சாதாரணப் பெட்டியில் விகிதங்கள் (பெட்டியின் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் சுற்ற வேண்டிய எண்ணிக்கை) 3.52, 2.21, 1.43, 1.00 என்று அமைந்திருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்றினால், சுற்று ஏறக்குறைய 3,770-க்கு விழும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் 3,880-க்கும், மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றினால் 4,200-க்கும் விழும். வீட்டு உபயோகத்துக்கென அமைந்த கேம் ஷாஃப்ட்டுக்கு இந்த வீழ்ச்சி ஒரு பொருட்டே அல்ல, ஏனெனில் அதன் இழுவை 2,500 சுற்றிலேயே நன்றாக இருக்கும். ஆனால் 4,000 சுற்றுக்கு மேல்தான் உயிர் பெறும் பந்தயக் கேம் ஷாஃப்ட் பூட்டிய வண்டி, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தன் வலிமைக்குக் கீழே விழுந்து, மீண்டும் தட்டுத்தடுமாறி ஏறி வர வேண்டியிருக்கும். உலு யாம் சாலையின் ஏற்ற வளைவுகளில் இதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இதற்கு மாறாக 2.54, 1.73, 1.26, 1.00 என்றொரு தொகுதியை எடுத்துக்கொண்டால், அதே 6,000 சுற்றிலிருந்து சுற்று முறையே 4,090, 4,370, 4,760 வரை மட்டுமே விழும்.

இதில் சுருங்குவது விகிதம் அன்று. ஒரு விகிதத்திலிருந்து அடுத்த விகிதத்துக்கு இறங்கும் படியே சுருங்குகிறது. ‘நெருங்கு விகிதம்’ என்ற தொடரைப் படிக்கும் புதியவர், ‘விகிதம் எதை நெருங்குகிறது?’ என்றுதான் கேட்பார். ஓட்டுநரின் காதும் பாதமும் உணர்வது சுற்று எத்தனை உயரத்திலிருந்து எத்தனை உயரத்துக்கு இறங்குகிறது என்பதை மட்டுமே. அதனால் ‘குறும்படி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். சாதாரணப் பெட்டியில் இருப்பது ‘நெடும்படி’. குறும்படிக் கியர், நெடும்படிக் கியர் என்று சொல்லிப் பாருங்கள். மாடிப்படி ஏறிய எவருக்கும், உயரம் குறைந்த படிகளும் உயரம் மிகுந்த படிகளும் உடனே கண்முன் வரும். ‘படி’ என்பது முகத்தலளவையையும் நகலையும் குறிக்குமே என்று ஈப்போவிலிருந்து ஓர் ஐயா முன்பே தடை எழுப்பியிருந்தார். கியர்பெட்டியைப் பற்றிய வாக்கியத்தில் அரிசி அளக்கும் படி வந்து குழப்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உண்மையான இடர் வேறு இடத்தில் இருக்கிறது. ‘குறு’ என்று தொடங்குவதால், தம்பியை வழிதவற வைத்த அதே ‘ஷார்ட் கியரு’டன் இதை யாரேனும் இணைத்துவிடக்கூடும். ஆகவே இறுதிக் கியருக்கும் இப்போதே பெயர் வைத்து, இரண்டுக்கும் இடையே வேலி போட வேண்டும். பெட்டியிலிருந்து வரும் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் கடைசி இணையை ‘ஈற்றிணை’ எனலாம்; ஈற்றடி, ஈற்றயல் என்ற வரிசையில் அது இயல்பாக வந்து அமர்கிறது. ‘ஈறு’ என்பது முடிவையும் பல் பதிந்திருக்கும் தசையையும் குறிக்கும் சொல்லாக இருப்பது, பற்களைப் பற்றிய இந்த ஆய்வில் தனி மகிழ்ச்சி தருகிறது. 4.13 போன்ற பெரிய எண்ணுள்ளது ‘இழுவை ஈற்றிணை’, 2.76 போன்ற சிறிய எண்ணுள்ளது ‘ஓட்ட ஈற்றிணை’. குறுமை, நெடுமை என்ற அடைகளை ஈற்றிணைக்கு ஒருபோதும் பயன்படுத்துவதில்லை என்று நாம் உறுதி செய்துகொண்டால், குழப்பத்துக்கு இடமிராது.

அடிப்படைச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பற்சக்கரம்’ என்பது நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் எளிய எந்திரங்களோடு கற்பிக்கப்படும் சொல். பிள்ளைகள் அறிந்த சொல்லை நாம் கைவிடக் கூடாது. ஆனால் ஒற்றைச் சக்கரத்துக்கு விகிதம் என்பதே கிடையாது. இரண்டு சக்கரங்கள் பல்லோடு பல் கோத்த பிறகுதான் விகிதம் பிறக்கிறது. ஆகவே தனிச் சக்கரத்துக்குப் பற்சக்கரம் என்றும், கோத்த இரண்டுக்கும் ‘பல்லிணை’ என்றும் பிரித்து வழங்கலாம். பல்லுயிர், பல்லாண்டு போலப் ‘பல இணை’ என்றும் இது பொருள்படும் என்பதை அறிவேன். பெட்டிக்குள் இருப்பவை பல இணைகளே என்பதால் அப்பொருளும் தீங்கு செய்வதில்லை. மலாயில் ‘கிகி’ என்றால் பல். இந்தோனேசியர் வண்டியின் கியரையும் ‘கிகி’ என்றே சொல்கின்றனர். பல்லை வேராகக் கொள்வது இந்த வட்டாரத்துக்கு அயலான சிந்தனை அன்று. பேச்சில் ‘கியர்’ என்பது நிலைத்துவிட்டது. அதை எழுத்திலிருந்து விரட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

பற்கள் அச்சுக்கு இணையாக வெட்டப்பட்ட ‘ஸ்டிரெய்ட் கட்’ என்பதற்கு ‘நேர்ப்பல்’ என்றும், சாய்வாக வெட்டப்பட்ட ‘ஹெலிக்கல்’ என்பதற்குச் ‘சாய்பல்’ என்றும் வைத்துக்கொள்ளலாம். இவற்றில் கருத்து வேறுபாடு எழாது என்று நம்புகிறேன். சாய்பல் சத்தமின்றிச் சுழலும், ஆனால் தண்டை அதன் அச்சுவாக்கில் ஒரு பக்கமாகத் தள்ளும். நேர்ப்பல்லில் அந்தத் தள்ளல் இல்லை, ஆற்றல் இழப்பும் குறைவு. அதற்கு விலையாக வண்டி முழுவதும் ஒலிக்கும் ஊளைச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கலைச்சொல் தனித்து நிற்கையில் அழகாகத் தோன்றுவது போதாது. வேலை செய்யும் வாக்கியத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கையேட்டில் நான் எழுதியிருக்கும் பத்தி இது:

“குறும்படிப் பெட்டியில் முதல் கியரின் விகிதமே 2.54 ஆக இருப்பதால், 3.44 ஈற்றிணையுடன் சேரும்போது மொத்தப் பெருக்கம் 8.7 மட்டுமே, நெடும்படிப் பெட்டியில் அது 12.1. ஆகவே கோலாலம்பூரின் மாலை நெரிசலிலும் ஏற்றத்தில் நின்று புறப்படும்போதும் கிளட்ச் வழுக்கித் தேயும். இதை ஈடுசெய்ய 4.13 இழுவை ஈற்றிணையைப் பூட்டினால் பெருக்கம் 10.5 ஆக உயரும். ஆனால் இவ்விரு பெட்டிகளிலும் நான்காம் கியர் 1.00 தான் என்பதால், நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றைத் தீர்மானிப்பது ஈற்றிணையே. 165/70 அளவுள்ள 10 அங்குல டயருடன் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, 3.44 ஈற்றிணைக்குச் சுற்று ஏறக்குறைய 4,140, 4.13-க்கு 4,970. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை இந்தச் சுற்றில் ஓட்டுவது எஞ்சினுக்கும் காதுக்கும் கடினம். வண்டி சாலைக்கானது என்றால், மிதமான கேம் ஷாஃப்ட்டும் நெடும்படியும் 3.44 ஈற்றிணையும் போதும். குறும்படி பந்தயத் தடத்துக்கு உரியது.”

இப்பத்தியில் ‘குறும்படி’ இருக்கும் இடத்தில் ‘அணுக்க விகிதப் பற்சக்கரத் தொகுதி’ என்பதை வைத்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நண்பரின் உழைப்பை மதிக்கிறேன், எனினும் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்பவர் அச்சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் வேறு சொல்லுக்குத் தாவிவிடுவார். தம்பிக்கு இதை நேற்றிரவு தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ‘படி’ உடனே பிடிபட்டது. ‘ஈற்றிணை’யை மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னான். அதைவிட எளிய சொல் எவருக்கேனும் தோன்றினால், அடுத்த வாரம் கையேட்டின் மெய்ப்பு திருத்தத் தொடங்குமுன் அன்புகூர்ந்து எழுதுங்கள். ‘சிங்க்ரோ’ என்பதற்கும் என்னிடம் இன்னும் சொல் இல்லை. 1968-க்கு முந்திய பெட்டிகளில் முதல் கியருக்கு அது கிடையாது என்பதை விளக்கும் பக்கத்தில், இப்போதைக்கு அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.