ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்கப் போன கதைகள்: மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

மழைக்கோட்டு:
ஓரிகனின் டெஷூட்ஸ் ஆறு, செப்டம்பர், மாப்பின் ஊருக்குக் கீழே. ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர், ஸ்டீல்ஹெட் தேடி, அதாவது கடலில் வளர்ந்து முட்டையிட ஆறேறி வரும் ட்ரவுட். வெயில் தண்ணீரில் இருக்கும்வரை மீன் சீண்டாது, படகில் உட்கார்ந்து வீசவும் கூடாது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சாயங்காலம் மலை நிழல் ஆற்றை மூடியதும் இறங்கினோம். எங்களில் ஒருத்தன் அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டான். லைனை நேர் கீழே ஓட்டத்தில் தொங்கவிட்டு, ராடை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஃபிளாஸ்க் மூடியைத் திருகினான். "பருப்பு ஊறப் போட்டியாடா?" என்று என்னிடம் கேட்டான். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ரீல் அலறியது. ராட் அக்குளிலிருந்து உருவிக்கொண்டு போனது. பாய்ந்து அடிப்பிடியைப் பிடித்துவிட்டான், ஃபிளாஸ்க் ஆற்றோடு போச்சு. அக்கரையோரம் மீன் ஒரு தடவை முழு நீளமும் தெரிய எழும்பியது. அப்புறம் லைன் தொய்ந்துவிட்டது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். விடியற்காலையிலிருந்து ஒழுங்காக ரெண்டடி நகர்ந்து நகர்ந்து வீசியவன் நான். ஒரு மீன்கூட ஃப்ளையைத் தட்டவில்லை, அதுதான் கொக்கியில் கட்டும் பொய்ப்பூச்சி. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆற்றோரம்:
அது ஸ்டீல்ஹெட்தான் என்று எப்படி முடிவு பண்ணினீர்கள்? டெஷூட்ஸில் கடலுக்குப் போகாமல் ஆற்றிலேயே இருக்கும் ரெட்சைட் ட்ரவுட் ஏராளம். அந்த ஓட்டத்தில் ஒரு நல்ல ரெட்சைட்கூட ராடைப் பிடுங்கும். அந்தி வெளிச்சத்தில் எல்லா மீனும் பெரிசுதான். ஸ்டீல்ஹெட்டாகவே இருந்தாலும், தொங்கவிட்ட ஃப்ளையைக் கடித்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. குறுக்கே வரும் ஃப்ளையின் பின்னாலேயே வந்து, அது நின்ற இடத்தில் கவ்வுவது ஸ்டீல்ஹெட்டின் பழக்கம். உங்கள் நண்பர் செய்தது தெரியாமல் செய்த சரியான காரியம். இன்னொன்று, 2021இல் வரத்து குறைந்து அங்கே ஸ்டீல்ஹெட் பிடிக்கவே தடை போட்டார்கள். ஒரு தட்டு கிடைத்தாலே கும்பிட வேண்டிய காலம் இது. நான் பார்த்ததை அப்புறம் எழுதுகிறேன்.

கனரஸ்காக்காரன்:
இங்கே ஒன்டாரியோவில் ஏப்ரல் நாலாம் சனிக்கிழமை சீசன் திறக்கும். நாங்கள் ஸ்கார்பரோவிலிருந்து இருட்டோடே வெளிக்கிட்டோம். போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றின் கோர்பெட் அணையில் மீன் துள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சனம் குறைந்த இடம் தேடி நடந்தோம். கூட வந்த ஒரு மச்சான் முதல் மீனையே வைத்துக்கொண்டான். சட்டப்படி சரி, கணக்குக்குள்தான். கரையில் வைத்து வயிற்றைக் கீறினான். செம்மஞ்சள் சினை கல்லெல்லாம் கொட்டியது. ஒவ்வொன்றும் பட்டாணி அளவு, சிலது சரிந்து தண்ணீருக்குள் போனது. "பொரிச்சால் நல்லா இருக்கும்" என்று பொறுக்கத் தொடங்கினான். யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. மேலே போய் முட்டையிட வந்த மீன் அது.

ஆற்றோரம்:
மன்னிக்கணும், உப்புத் தண்ணீரையே பார்க்காத மீனை ஸ்டீல்ஹெட் என்று சொல்ல முடியாது. அது ஏரியில் வளர்ந்த ரெயின்போ ட்ரவுட்.

கனரஸ்காக்காரன்:
இந்தக் கதை வரும் என்று தெரியும். 19ஆம் நூற்றாண்டில் கலிஃபோர்னியாப் பக்கமிருந்து கொண்டுவந்து விட்ட இனம்தான் இது. உங்கள் கடல் மீனும் ரெயின்போவும் ஒரே இனம் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. ஆற்றில் பிறந்து, பெருந்தண்ணீரில் வளர்ந்து, திரும்ப ஆறேறி வருகிறது. உப்பு ஒன்றுதான் குறை. வந்து ஒன்றைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ.

வேடர்ஸ் அண்ணாச்சி:
ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா. நான் ஒரு தடவை வழுக்கி விழுந்து கொஞ்ச தூரம் போனேன், அவ்வளவுதான் என் கதை. புதுசாக இறங்குகிறவர்களுக்குச் சில விஷயம். இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் வேடர்ஸோடு, அதாவது மார்புவரை ஏறும் நீர்புகா உடுப்போடு, ஆற்றில் கால் வைக்காதீர்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்புவதை அதுதான் மட்டுப்படுத்தும். ஆணி வைத்த பூட்ஸ், ஊன்றுகோல் ரெண்டும் வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள், ஒரு கால் ஊன்றிய பிறகு மறு கால். விழுந்துவிட்டால் மல்லாந்து, பாதம் முன்னால் போகிற மாதிரி மிதந்து கரை ஒதுங்குங்கள். ஓட்டத்தில் எழுந்து நிற்கப் பார்த்தால் கால் கல்லிடுக்கில் மாட்டும். மீன் தொட்டதும் ராடைத் தூக்கி வெடுக்கென்று இழுக்காதீர்கள். அது கவ்விக்கொண்டு திரும்பட்டும், கொக்கி தானாகவே வாயோரத்தில் ஏறும். வால் பக்கம் முதுகில் அந்தச் சின்னத் துடுப்பு முழுசாக இருந்தால் ஆற்றிலேயே பிறந்த ஆற்று மீன், வெட்டியிருந்தால் பண்ணையில் பொரித்து விட்ட மீன். ஆற்று மீனென்றால் போட்டோவுக்காகத் தூக்காதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் அதைத் தண்ணீரைவிட்டு முழுசாக வெளியே எடுப்பதே குற்றம். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். தெர்மல் உடுப்பு பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

மழைக்கோட்டு:
அண்ணாச்சி, யாரும் கேட்கவில்லையே!

ரெண்டாவது காபி:
அண்ணாச்சி, பெல்ட் எல்லாம் சரி, வரிசை மரியாதையை விட்டுவிட்டீர்களே, முன்னால் வீசிக்கொண்டு வருகிறவருக்குக் கீழே போய் இறங்கக் கூடாது என்பதை. வாஷிங்டனின் ஸ்காகிட் ஆற்றை 2018இல் மீன் பிடிக்க மறுபடி திறந்த பிறகு ஒரு வசந்தத்தில் நானும் என் தோழியும் அவள் வீட்டுக்காரரும் போனோம். ராக்போர்ட்டில் சாக் ஆறு வந்து சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே. மேலிருந்து ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்துகொண்டிருந்தோம். முன்னால் நான். நல்ல தண்ணீர், கறுப்பாக, ஆள் நடக்கிற வேகத்தில் ஓடுகிறது, எனக்கு இன்னும் நாலைந்து வீச்சு தூரத்தில். அப்போது ஒருவர் புதருக்குள்ளிருந்து வந்து, ஒரு ஹலோகூட இல்லாமல், எனக்கு நேர் கீழே இறங்கி வீசினார். முதல் வீச்சு. ராட் வளைந்தது. நல்ல பெரிய மீன், துடுப்பு முழுசாக. நாங்கள் லைனைச் சுற்றிக்கொண்டு நின்றோம். தோழியின் வீட்டுக்காரர் வேறு, பழக்க தோஷத்தில், போய் வலை பிடித்துக் கொடுத்தார்! மீனை விட்டுவிட்டு அந்த ஆள் எங்களைப் பார்த்துச் சொன்னார், "இந்த இடம் பரவாயில்லை, நீங்களும் வீசிப் பாருங்கள்."