எதிர்சேவை பார்க்க அம்மாவுக்கு ஓர் இடம் வேண்டும்

மதுரை சொந்தங்களே, பல வருடம் கழித்து இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு ஊரில் இருக்கிறேன். அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்துக்குள் அழைத்துப்போக எனக்குத் துணிவில்லை. முந்தின நாள், மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையையாவது காட்டிவிட வேண்டும். இப்போதே பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கி வைத்துவிட்டார். சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் காட்ட வேண்டுமாம்.

மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம், இதில் எங்கே நாற்காலி போட்டு நிழலில் உட்கார முடியும்? ஆட்டோவை எதுவரை விடுவார்கள்? எத்தனை மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்? அப்புறம், இராமராயர் மண்டபத்தில் அழகர் பத்து அவதாரக் கோலங்களில் காட்சி தர, விடிய விடிய நடக்கும் தசாவதாரத்தை வயதானவர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வழி இருக்கிறதா? போன வருடம் போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.